தியத்தலாவையில் ஒரு ஞாயிறு

2024 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் ஐந்தாவது நினைவுநாள். திருகோணமலைத் துறைமுகத்தருகே அமர்ந்து அதுபற்றியே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் வேறொரு சாவுச்செய்தி வந்தது. தியத்தலாவை நரியாகந்தை கார்ப் பந்தயத்தில் எழுவர் பலி. எட்டு வயதுச் சிறுமியும் அதில் அடக்கம்.

1900இல் போவர் போர்க்கைதிகளைப் பிரித்தானியர் அடைத்துவைத்திருந்த ஊர் தியத்தலாவை. பிற்காலத்தில் இராணுவ நகரம். இராணுவம் இணைந்து நடத்திய இப்பந்தயம் ஐந்தாண்டு இடைவெளியின் பின்னர் நடைபெற்றது.

முதலில் ஒரு கார் கவிழ்ந்தது. மஞ்சள் சமிக்ஞை காட்டி ஏனைய ஓட்டுநர்களை எச்சரித்தனர். அவ்வேளையில் மற்றொரு கார் பாதை விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. காயமடைந்தோர் இருபதுக்கும் அதிகம். பாய்ந்துவரும் காரைத் தடுத்து நிறுத்தவல்ல அரண் அவ்விடத்தில் இல்லாமற் போனதேன் என்பதே என் கேள்வி.

அன்றிரவு என் நினைவுநாட் கட்டுரை முதற்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்டது. சம்மதித்தவன் நான்தான். இன்றும் உறுத்துகின்றது.