பாட்டு இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தார்கள், ஸ்பான்சர் இல்லை: 'நாட் கிங் கோல் ஷோ' நின்றுபோனது ஏன்?

'இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர்கள்...' என்று டிவியில் ஒரு குரல் வருமே, கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தில் சொல்ல ஒரு பெரிய கம்பெனியின் பெயர் கிடைக்காததாலேயே, 1957-ல் அமெரிக்காவின் முன்னணிப் பாடகர் ஒருவரின் நிகழ்ச்சி நின்றுபோனது.

பாடகர்கள் தொகுப்பாளர்கள் ஆனது எப்படி?

1940களின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்குள் டிவி நுழைந்தபோது, சேனல்கள் ஆள் தேடிப் போனது ரேடியோவுக்குத்தான். மக்களுக்கு ஏற்கனவே பழக்கமான குரல்கள் அங்கேதான் இருந்தன. ஃபார்முலா சிம்பிள்: தொகுப்பாளரே பாடுவார், விருந்தினரோடு கொஞ்சம் அரட்டை, இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு. பின்னால் இசைக்குழு. பெரும்பாலும் எல்லாமே நேரலை.

செலவு ஸ்பான்சருடையது. பெரி கோமோவுக்கு செஸ்டர்ஃபீல்ட் சிகரெட், டைனா ஷோருக்கு செவ்ரோலே கார். இசைக்குழுத் தலைவர் லாரன்ஸ் வெல்க் 1955-ல் ஏபிசியில் தொடங்கியபோது டாட்ஜ் கார் கம்பெனி துணை நின்றது.

நாட் கிங் கோலுக்கு என்ன நடந்தது?

கறுப்பினப் பாடகரான கோல், 'மோனா லிசா' பாட்டால் 1950-லேயே நாடறிந்தவர். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்காமில், மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவெறியர்கள் அவரைத் தாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் 5-ம் தேதி என்பிசியில் அவருடைய ஷோ தொடங்கியது. முதலில் வெறும் 15 நிமிடம், 1957 கோடையில் அரை மணி நேரம்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, டோனி பென்னட் என்று பெரிய தலைகள் வந்தார்கள். விருந்தினர்கள் பலர் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே பாடிக்கொடுத்தார்கள்.

ஆனால் நாடு முழுவதற்கும் ஒரு ஸ்பான்சர்கூட வரவில்லை. சில ஊர்களில் உள்ளூர் விளம்பரங்கள் கிடைத்தன, அவ்வளவுதான். கறுப்பினத்தவரின் ஷோவுக்குப் பணம் கொடுத்தால் தென்மாநில வெள்ளையர்கள் தங்கள் பொருளைப் புறக்கணிப்பார்களோ என்று கம்பெனிகள் பயந்தன. மீதிச் செலவை என்பிசியே சுமந்தது.

நிறுத்தியது யார்?

கடைசியில் முடிவெடுத்தவர் கோல்தான். சேனல் வேறு நேரம் தர முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. 1957 டிசம்பர் 17-ம் தேதியோடு ஷோ முடிந்தது. அவர் சேனலைக் குறை சொல்லவில்லை. விளம்பர ஏஜென்சிகள் நிறைந்த நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று தன் நிறத்தையே வைத்துக் குத்தலாகச் சொன்னார்.

அவருக்கு முன்பும் பின்பும்

கறுப்பினப் பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட் 1950-லேயே டூமான்ட் சேனலில் சொந்த ஷோ நடத்தினார். கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற சந்தேகத்தை மறுத்து அவர் நாடாளுமன்றக் குழு முன் பேசிய சில நாட்களில் அது நிறுத்தப்பட்டது.

கோல் 1965-ல் மறைந்தார். கறுப்பினத்தவர் ஒருவரின் வெரைட்டி ஷோ பெரிய ஹிட்டானதைப் பார்க்க அவர் இல்லை. நகைச்சுவைக் கலைஞர் ஃப்ளிப் வில்சனின் அந்த ஷோ, 1970-ல் தொடங்கியது. ஒளிபரப்பியது, அதே என்பிசி.