குடலில் தங்கிய மருந்து: பெர்பெரின் ஆய்வு வரலாறு

நாட்டு மருந்துக் கடைகளில் மரமஞ்சள் எனக் கிடைக்கும் கொடித்தண்டின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் பெர்பெரின் என்னும் ஆல்கலாய்டு. சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் உறவில்லை. நிறமே பெயரைத் தந்தது. இமயமலைத் தாருஅரித்திரையிலும், சீன மருத்துவத்தின் ஹுவாங்லியன் வேர்த்தண்டிலும் இதே பொருள் உள்ளது. மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பத்தைச் சார்ந்தவை.

சீனத்தில் இது நெடுங்காலம் வயிற்றுப்போக்கு மருந்தாகவே வழங்கியது. வங்கதேசத்தில் நிகழ்ந்து 1987இல் வெளியான ஆய்வொன்றும் வயிற்றுப்போக்கு நோயாளரிடமே இதைச் சோதித்தது. திருப்பம் 2004இல் நேர்ந்தது. குருதியில் கொழுப்பு மிகுந்த 32 பேருக்கு மூன்று மாதம் பெர்பெரின் கொடுத்த சீன ஆய்வாளர்கள், கொலஸ்டிரால் 29 விழுக்காடும் டிரைகிளிசரைடு 35 விழுக்காடும் குறைந்ததாக அறிவித்தனர்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உட்கொண்ட பெர்பெரினில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே குருதியைச் சேர்கிறது. மருந்தியல் நோக்கில் இது பெருங்குறை. ஆயின், குடலில் தங்கிவிடும் எஞ்சிய பகுதி அங்கு என்ன செய்கிறது என்னும் வினாவே ஆய்வின் திசையை மாற்றியது எனலாம். குடல் நுண்ணுயிரிகளின் நைட்ரோரிடக்டேஸ் நொதி பெர்பெரினை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றுவதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வடிவம் விலங்குகளில் ஐந்து மடங்கு எளிதாக உறிஞ்சப்பட்டு, குடற்சுவர்த் திசுவில் மீண்டும் பெர்பெரினாகிறது. மருந்தை நுண்ணுயிரி மாற்றுவதுபோல, மருந்தும் நுண்ணுயிரித் தொகையை மாற்றுகிறது. கொழுப்புணவு உண்ட எலிகளில் இது 2012இலேயே பதிவாயிற்று. குடலிலிருந்து புறப்படும் குருதி முதலில் கல்லீரலையே அடைவதால், இம்மாற்றங்களின் விளைவு அங்கு எட்டுவது வியப்பன்று.

கல்லீரல் கொழுப்பு நோயாளர் 184 பேரிடம் சீனாவின் மூன்று மருத்துவ மையங்களில் நடந்த 16 வாரச் சோதனையும் 2015இல் வெளிவந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும் மேற்கொண்டோரிடம் கல்லீரல் கொழுப்பு 36.4 விழுக்காடு குறைய, பெர்பெரினும் உண்டோரிடம் 52.7 விழுக்காடு குறைந்தது. எனினும், யாருக்கு எம்மருந்து என்பது மறைக்கப்படாத சோதனை இது.

இம்முடிவுகளைக் கொண்டு, முன்னோர் இந்நோய்க்கு மருந்தறிந்திருந்தனர் என எழுதுவது வரலாற்றுப் பிழை. மது அருந்தாதோரின் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த லுட்விக் குழுவினர் பெயரிட்டதே 1980இல்தான். மேலும், சோதிக்கப்பட்டது பிரித்தெடுத்த பெர்பெரின். மரமஞ்சள் கசாயத்திலோ பால்மடின் முதலிய பிற ஆல்கலாய்டுகளும் கலந்துள்ளன.