பெட்டிக்குள் இருந்தவர் யார்?

எளாவூர்ப் பக்கம் தொலைக்காட்சிப் பெட்டி எட்டிப் பார்த்த புதிதில், அதன் முன்னே கூடியவர்களுள் பெரும்பாலோர்க்கு இந்தி தெரியாது. ஆயினும் 1985ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' என்னும் துப்பறியும் தொடர் ஒளிபரப்பான நாட்களில், எங்கள் உறவினர் இல்லத்துத் திண்ணையில் இடம் பிடிப்பது எளிதாக இருந்ததில்லை. பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டே குற்றவாளியைத் தேடுவார். அவர் பேசுவது ஒன்றும் எங்களுக்கு விளங்காது. ஏரிக்குப் போய்வந்த முதியவர் ஒருவர் மட்டும் பாதிக் கதையிலேயே ஓர் ஆளைக் காட்டி, "இவன்தான்" என்பார். பல வாரங்களில் அவர் சொன்னதே சரியாகவும் இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "வாயைப் பார்க்காதே தம்பி, கையைப் பார்" என்பார். பாஷை தெரியாதது அவருக்கு உதவியாகவே இருந்தது போலும்!

எளாவூரின் பெயர் வெளியூரார்க்குத் தெரிந்திருப்பது நெடுஞ்சாலையிலுள்ள சோதனைச் சாவடியால்தான். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர். அதற்கு அப்பால் ஆரம்பாக்கம். பிறகு ஆந்திர எல்லை. சாலையில் வண்டியை நிறுத்தி, "உள்ளே என்ன?" என்று கேட்பது அங்கே அன்றாடக் காட்சி. கிழக்கே சுண்ணாம்புக்குளத்தைக் கடந்தால் பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கும். அந்த ஏரியில் இருளர் இனத்து மக்கள் வலையுமின்றிப் படகுமின்றிச் சேற்றில் கையளைந்தே இறால் பிடிப்பர். கலங்கிய நீருக்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனியால் அறிந்துகொள்ளும் கலை அது. துப்பறிதல் என்பதும் ஏறக்குறைய அதுவே அன்றோ?

குற்றக் கதைகள் நம்மை ஏன் இவ்வளவு கட்டிப்போடுகின்றன என்னும் வினாவுக்கு விடை தேடப் புகுவோர், எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையிலோ, 1887இல் தோன்றிய ஷெர்லக் ஹோம்ஸிடமோ தொடங்குவது வழக்கம். நாம் இன்னும் சற்றுப் பின்னே போகலாம். 'ஆயிரத்தோர் இரவுகள்' நூலின் பழைய கையெழுத்துப் பிரதிகளிலேயே 'மூன்று ஆப்பிள்கள்' என்னும் கதை இடம்பெற்றுள்ளது. அதுவும் ஒரு மீனவனிடத்தில்தான் தொடங்குகிறது.

கலீபா ஹாரூன் அல் ரஷீத் மாறுவேடம் பூண்டு, வஸீர் ஜஅஃபருடன் இரவில் பக்தாத் நகரைச் சுற்றி வருகிறார். அன்றைக்கு ஒரு மீனும் அகப்படாமல் புலம்பி வரும் கிழவன் ஒருவன் எதிர்ப்படுகின்றான். "எனக்காக ஒருமுறை வலை வீசு, எது வந்தாலும் நூறு தீனார் தருகிறேன்" என்கிறார் கலீபா. தஜ்லா நதியிலிருந்து கனத்த பெட்டியொன்று பூட்டியபடியே மேலே வருகிறது. அரண்மனையில் உடைத்துப் பார்த்தால், உள்ளே துண்டாடப்பட்ட ஒரு பெண்ணின் உடல்! கலீபா சினந்து பாய்வது தம் வஸீர்மீதுதான். தமது ஆட்சியில் ஒருத்தியைக் கொன்று ஆற்றில் எறிகிறார்கள். அந்த இரத்தத்துக்கு மறுமை நாளில் பதில் சொல்ல வேண்டியவர் தாமே என்பது அவருடைய கலக்கம். மூன்று நாட்களுக்குள் கொலையாளியைக் கொண்டுவராவிட்டால் ஜஅஃபருக்குத் தூக்கு.

ஜஅஃபர் துப்பறியவில்லை என்பதுதான் வேடிக்கை. மூன்று நாளும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். தூக்குமரத்தடியில் கொலையாளி தானே வந்து ஒப்புக்கொள்கிறான். பின்னர் மற்றொரு குற்றவாளியைத் தேட மீண்டும் மூன்று நாள் தவணை கிடைத்தபோதும், தம் மகளின் சட்டைப்பையில் ஓர் ஆப்பிள் தற்செயலாக அகப்பட்டமையால் மட்டுமே அவர் உயிர் தப்புகிறார். ஆக, இக்கதையில் குற்றம் உண்டு, துப்பு இல்லை. கொலையுண்டவளின் பெயரும் இல்லை. அவளைக் கொன்ற கணவனுக்கோ மன்னிப்புக் கிடைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஆறாத இடம் அது. ஆயினும், அடையாளமற்ற ஓர் உடலுக்கு ஆட்சியாளன் பொறுப்பு என்ற அந்த ஒரு கருத்துக்காகவே இக்கதையை நான் பலமுறை எடுத்துப் படித்ததுண்டு.

இதற்கு நேர்மாறானது ஒட்டகக் கதை. நிஸாரின் மைந்தர்களான முளர், ரபீஆ, இயாத், அன்மார் ஆகிய நால்வரும் நஜ்ரானை நோக்கிச் செல்கின்றனர். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். அதற்கு ஒரு கண் இல்லை, கால் ஊனம், வாலும் கிடையாது என்று இவர்கள் வரிசையாகச் சொல்கின்றனர். ஒட்டகத்தையோ அவர்கள் கண்டதே இல்லை. பாதையின் ஒருபுறத்துப் புல் மட்டுமே மேயப்பட்டிருந்தது. சாணம் சிதறாமல் குவியலாக விழுந்திருந்தது. அவற்றைக் கொண்டு உய்த்துணர்ந்தனர். தபரீ முதலான வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறித்துள்ளனர். அமீர் குஸ்ரூவின் 'ஹஷ்த் பிஹிஷ்த்' நூலிலும் இதன் வடிவம் ஒன்று உண்டு. செரந்தீப், அதாவது இலங்கைத் தீவின் மூன்று இளவரசர்கள் கதையாக அது 1557இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் தம் 'ஸாதிக்' கதையில் ஒட்டகத்தைக் குதிரையாகவும் நாயாகவும் மாற்றிக்கொண்டார்.

தமிழிலும் இக்கதை உண்டு. நான்கு மந்திரிகளைப் பற்றிய அலகேச கதையின் தொடக்கமே காணாமற்போன ஒட்டகந்தான். எது எங்கிருந்து எங்கே போயிற்று என்று நாம் வழக்காட வேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அரபுக் கதையாயினும் தமிழ்க் கதையாயினும், அடையாளம் சொன்னவர்களையே ஒட்டகக்காரன் திருடர் என்று பிடித்துக்கொள்கிறான். காணாமலே இவ்வளவும் எப்படித் தெரியும்? நீங்கள்தான் களவாடியிருக்க வேண்டும்! கூர்ந்து பார்ப்பவன் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறான். இந்த அபாயம்தான் கதைக்கு உயிர்.

அந்த அலகேச கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பண்டித நடேச சாஸ்திரியார். அவரே 1894இல் 'தானவன்' என்னும் போலீஸ்காரரை நாயகனாக்கித் தமிழின் முதல் துப்பறியும் கதையையும் எழுதினார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒட்டகத்தின் காலடி அவரைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1885இல், கண்டி மாநகரத்து அறிஞர் சித்தி லெவ்வை அவர்கள் 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டிருந்தார்கள். எகிப்திலிருந்து கடத்தப்பட்ட குழந்தையொன்று தன் பிறப்பை அறியாமல் வளரும் அக்கதை துப்பறியும் நாவல் அன்று. எனினும் 'இவன் யார்?' என்ற மர்மமே அதனை நடத்திச் செல்கிறது.

பிறகு வந்தவர்களை வாசகர் அறிவர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வஸந்தும் என்று பட்டியல் நீளும். ஒரு குறை மட்டும் சொல்லி மேலே செல்வேன். இக்கதைகளில் அறிவு பெரும்பாலும் நகரத்திலிருந்தே வருகிறது.

கதையைக் காட்டிலும் விசித்திரமான நிகழ்ச்சி 1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது. பேனா வியாபாரம் செய்துவந்த ஆளவந்தார் என்பவர் ஆகஸ்ட் 28ஆம் நாள் காணாமற்போனார். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் போட் மெயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியொன்றிலிருந்து நாற்றம் எழ, மானாமதுரையில் அதனைத் திறந்தனர். உள்ளே தலையில்லாத உடல். தலை பின்னர் இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தஜ்லா நதியில் வந்த அதே பெட்டி இரயிலேறி வந்தது போல இருந்தது! ஆனால் இம்முறை வஸீர் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் தலையையும் உடலையும் ஒப்பிட்டார். ஆளவந்தார் முன்னர் இராணுவத்தில் பணியாற்றியிருந்தமையால் அங்கே பதிவாகியிருந்த கைரேகை, பெட்டிக்குள் இருந்தவர் யார் என்பதை உறுதி செய்தது.

அந்தக் கைரேகைக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகின் முதல் கைரேகை நிலையம் கல்கத்தாவில் 1897இல் நிறுவப்பட்டது. பத்து விரல்களின் ரேகைகளை 1024 பிரிவுகளில் அடக்கி, வேண்டியபோது எடுக்க உதவும் முறையை வகுப்பதில் உழைத்தவர்கள் காஜி அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு வங்காளக் காவல் அதிகாரிகள். முறைக்குப் பெயரோ அவர்களின் மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியுடையதாயிற்று. 1898இல் ஜல்பாய்குரி தேயிலைத் தோட்டத்து மேலாளர் கொலையுண்டபோது, பஞ்சாங்கமொன்றின் மேல் பதிந்திருந்த இரத்தக் கட்டைவிரல் அடையாளம் ஓர் ஆளைக் காட்டிக்கொடுத்தது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்ததே தவிர, கொலைக் குற்றத்துக்கு அந்த அடையாளம் போதாது என்று விடுவித்தது. தடயம் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லவில்லை என்று பிரித்தறிந்த அந்த நிதானம் பாராட்டத்தக்கது. அத்தகைய நிதானத்தை இன்றைய தொடர்களில் நான் அரிதாகவே காண்கிறேன்.

இதே மை இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. 1871இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் திருடினானா என்ற வினாவே அதில் இல்லை. அவன் பிறந்த குலம் பட்டியலில் உண்டா என்பதே வினா. பட்டியலில் இருப்போரின் கைரேகையை எடுத்து வைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பதிவு செய்ய மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸார் சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். பெட்டிக்குள் கிடந்தவருக்குப் பெயரை மீட்டுத் தந்த அதே ரேகை, உயிரோடிருந்தவர்களின் பெயரை அழித்துக் குற்றவாளி என்னும் ஒற்றைப் பெயரைச் சூட்டியது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுவதும் நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. ஆளவந்தார் காணாமற்போன மூன்றாம் நாள்! பத்திரிகைகளின் கண்ணெல்லாம் பெட்டியின் மீதே இருந்ததில் வியப்பில்லை.

தொலைக்காட்சியும் அந்தப் பெட்டியைப் பின்னர் பல வகையில் திறந்து பார்த்துவிட்டது. 1993இல் பாசு சாட்டர்ஜியின் 'வியோம்கேஷ் பக்ஷி' வந்தது. 1990களின் நடுவே இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தமிழ் இல்லங்களை இரவில் விளக்கணைக்க விடாமல் செய்தது. 1998இல் தொடங்கிய 'சி.ஐ.டி.' இருபது ஆண்டுகள் நடந்தது. 2022இல் 'சுழல்' ஒரு சிற்றூரின் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு நடுவே காணாமற்போன பெண்ணைத் தேடியது. இவற்றில் எனக்குப் பிடித்தவை, விசாரிப்பவன் தன் முதல் எண்ணம் பிழையென்று உணரும் இடங்கள். பிடிக்காதவை, காவலறையில் ஒருவனை அடித்துத் துவைத்து உண்மையை வாங்கிவிட்டதாகக் காட்டி, அதற்கு வீர இசையும் சேர்ப்பவை. அடிக்குப் பயந்து வரும் சொல் எப்படித் துப்பாகும்? ஒட்டகக்காரனும் அதைத்தானே செய்யத் துணிந்தான்!

ஏரிக்குப் போய்வந்த அந்த முதியவரிடம் ஒருநாள் 'மூன்று ஆப்பிள்கள்' கதையைச் சொன்னேன். கலீபா, வஸீர், தூக்குமரம், ஆப்பிள் எல்லாம் கேட்டு முடித்தார். கொலையாளி யார் என்பதில் அவருக்கு அக்கறையில்லை.

"அந்த வலைக்காரனை என்ன செய்தார்கள்?" என்றார்.

"நூறு தீனார் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்" என்றேன்.

"விசாரிக்கவே இல்லையா?"

"இல்லை."

அவர் நம்பவில்லை. "வலையில் பிணம் வந்தால் இங்கே வலையையே அறுத்து விட்டுவிட்டு வருவோம் தம்பி" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.