வெற்றியாளர் இல்லாமல் முடிந்த ஆட்டம்: மலையாள பிக்பாஸும் கொச்சியும், 2020

தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் நிகழ்ச்சிகள் தொடங்கிய நாளையே பெரிதும் குறித்து வைக்கின்றனர். அவை நின்ற நாள் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறது. ஆனால் ஒரு நிகழ்ச்சி எவற்றைச் சார்ந்து இயங்கியது என்பது அது நிற்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். ஏஷியாநெட் ஒளிபரப்பிய மலையாள பிக்பாஸின் இரண்டாம் பருவம் 2020 மார்ச் 20 அன்று வெற்றியாளர் எவரையும் அறிவிக்காமலே கைவிடப்பட்டது. மட்டாஞ்சேரியை ஆய்வுக் களமாகக் கொண்ட ஒருவன் என்ற முறையில் அந்நிகழ்வை இங்கே வாசிக்க முயல்கிறேன்.

முதலில் வடிவத்தின் வரலாறு. அடைத்த வீடு, எங்கும் கேமரா, வாரந்தோறும் ஒரு வெளியேற்றம் என்னும் இவ்வடிவம் 1999 செப்டம்பர் 16 அன்று நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 2006இல் இந்திக்கும், 2017இல் தமிழுக்கும், 2018இல் மலையாளத்திற்கும் வந்தது. டச்சுக்காரர் விட்டுச்சென்றவற்றை எண்ணிப் பார்ப்பது மட்டாஞ்சேரியில் பழகிப்போன ஒன்று. இங்குள்ள அரண்மனையைப் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தவர்கள் போர்த்துக்கீசியர். 1663க்குப் பின் அதைச் செப்பனிட்டவர்கள் டச்சுக்காரர். இன்றும் அது 'டச்சு அரண்மனை' என்றே அழைக்கப்படுகிறது. பிக்பாஸில் நிலைமை தலைகீழ். வடிவம் டச்சு மண்ணில் பிறந்தது. பார்வையாளர் கண்டதோ மோகன்லாலின் முகம். இவ்விரண்டுக்கும் இடையே மறைந்துபோனது மூன்றாவது இடமான சென்னை. இரண்டாம் பருவத்தின் வீடு கேரளத்தில் இல்லை; பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில், இவிபி பிலிம் சிட்டியில் இருந்தது. மலையாளிகளின் வரவேற்பறைக்குள் நாள்தோறும் வந்த அவ்வீடு தமிழ்நாட்டுத் திரைத்தொழிலின் எல்லைக்குள் அமைந்திருந்தது. இதை நினைவிற் கொள்ளாமல் அது நின்றதன் காரணத்தை விளக்க இயலாது.

இனி நாள்வரிசை. பருவம் தொடங்கியது 2020 ஜனவரி 5. இந்தியாவின் முதல் கொரோனா தொற்று கேரளத்தில், திருச்சூரில், உறுதியானது ஜனவரி 30. அதாவது போட்டியாளர்கள் உள்ளே சென்றபோது நாட்டில் ஒரு தொற்றும் பதிவாகியிருக்கவில்லை. எனினும் அவ்வீட்டிற்குள் வேறொரு தொற்று பரவியது. தமிழ் வழக்கில் 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண்ணோய் அது. போட்டியாளர் பலர் சிகிச்சைக்காக வெளியே சென்று மீண்டும் உள்ளே வந்தனர். வெளியுலகிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட வீடு என்பது காட்சிக்காகக் கட்டப்பட்ட கற்பனை. நோய்க்கு அக்கற்பனை தெரியாது.

மார்ச் 10 அன்று கேரள அரசு பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடுமாறு அறிவித்தது. அடுத்த சில நாள்களில், சக போட்டியாளர் ஒருவரின் கண்ணில் மிளகாயைத் தேய்த்ததற்காகப் போட்டியாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். மார்ச் 15 இரவு அவர் நெடும்பாசேரி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. அதே நாளில், அதே விமான நிலையத்தில், தொற்று உறுதியான பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் துபாய் செல்லவிருந்த விமானத்திலிருந்து இறக்கப்பட்டிருந்தார். கூட்டம் கூடியதற்காகப் பெயர் அறிந்த 4 பேர் மீதும், கண்டறியத்தக்க 75 பேர் மீதும் வழக்குப் பதிவாயிற்று.

இக்கூட்டத்தை 'ரசிகர்களின் மூடத்தனம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. வரலாற்று மாணவர் அவ்வாறு செய்தலாகாது. வாக்களிக்கும் உரிமையை நாள்தோறும் பார்வையாளருக்கு வழங்குவதாகக் கூறும் ஒரு நிகழ்ச்சி, தன் விதியின்படி ஒருவரை வாக்கெடுப்பின்றி வெளியேற்றியது. அத்தீர்ப்பை ஏற்காதவர்களுக்குத் திரைக்கு வெளியே கிடைத்த ஒரே வாக்குச்சாவடி விமான நிலையம் எனலாம். நெறிப்படி அவர்கள் செய்தது தவறு. ஆனால் அத்தவறு அந்நிகழ்ச்சி கற்பித்த பங்கேற்பின் தொடர்ச்சி.

கொச்சியில் கூடிய கூட்டமே நிகழ்ச்சியை நிறுத்தியது என்று கொள்வதும் பொருந்தாது. மார்ச் 19 முதல் படப்பிடிப்புகளை நிறுத்துவதாகத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி அறிவித்திருந்தது. மறுநாளே பருவம் முடிந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் முடிவு என்றே அது அறிவிக்கப்பட்டது. ஆயினும் விளக்குக் கம்பம் தூக்குவோரும் கேமரா இயக்குவோரும் சமைப்போரும் கூடாமல் 'தனிமை வீடு' ஒரு நாளும் இயங்காது என்ற உண்மையை இந்நாள்வரிசை காட்டுகிறது. தனிமையைக் காட்சிப்படுத்தப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. நாடு முழுவதும் வீட்டுக்குள் அடங்குவதற்குச் சில நாள்கள் முன், வீட்டுக்குள் அடங்குவதையே பொருளாகக் கொண்ட நிகழ்ச்சி நின்றுபோனது முரண் அன்று; அதன் தவிர்க்க இயலாத விளைவு.

2021இல் இது மறுவடிவில் நிகழ்ந்தது. மூன்றாம் பருவத்தின்போது படப்பிடிப்புக் குழுவினர் சிலருக்குத் தொற்று உறுதியானது. ஊரடங்கை மீறிப் படப்பிடிப்பு நடந்ததாக, மே 19 அன்று தமிழ்நாட்டு அதிகாரிகள் செம்பரம்பாக்கத்து அரங்கிற்கு முத்திரையிட்டனர். இம்முறை நிறுவனம் ஆட்டத்தைக் கைவிடவில்லை. எஞ்சியோருக்கு வாக்கெடுப்பு நடத்தி ஆகஸ்ட் 1 அன்று வெற்றியாளரை அறிவித்தது. வீடு இல்லாமலும் ஆட்டத்தை முடிக்கலாம் என்பதை ஓராண்டில் அது கற்றுக்கொண்டது.

2020 மார்ச் 28 அன்று கேரளத்தின் முதல் கொரோனா மரணம் பதிவாயிற்று. இறந்தவர் துபாயிலிருந்து திரும்பியிருந்த மட்டாஞ்சேரி முதியவர். நெடும்பாசேரிக் கூட்டத்திற்கும் இம்மரணத்திற்கும் தொடர்பு கற்பிக்க எந்தச் சான்றும் இல்லை. கற்பிப்பது அறமும் அன்று. இரண்டும் பதின்மூன்று நாள் இடைவெளியில் ஒரே மாவட்டத்தில் நிகழ்ந்தவை என்பது மட்டுமே வரலாறு.

ஊடக வரலாற்றில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகள் தனியார் நிறுவனங்களின் வசம் உள்ளன. அவை நாளை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. காவல்துறையின் வழக்குப் பதிவுகள், சுகாதாரத் துறையின் அன்றாட அறிக்கைகள், தொழிற்சங்க அறிவிப்புகள், பார்த்தோரின் வாய்மொழி ஆகியவையே நம் ஆவணக்காப்பகம். அவ்வீட்டில் வேலை செய்து, ஒரே நாளில் வேலை இழந்த சென்னைத் தொழிலாளர்களின் நினைவுகளை முதலில் பதிவு செய்யுங்கள். போட்டியாளர்களைப் பற்றி எழுத எப்போதும் எவரேனும் இருப்பர்.