ஒரு சாக்லேட் உருண்டையும் காரைக்கால் கப்பல்களும்

டிசம்பர் பிறந்துவிட்டால் காரைக்காலில் சில வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து உறவினர் வருவது வழக்கம். 1739-ஆம் ஆண்டிலிருந்து பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் அது. 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்திற்கு மாறிற்று. 1962 ஆகஸ்டு 16-இல் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வருகையில் பெட்டிக்குள் ஒரு சாக்லேட் டப்பாவும் கூடவே வரும்.

அந்த டப்பாவை நான்கு நாள் கழித்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சாக்லேட்டின் மேல் திருநீறு பூசினாற்போல் வெண்மை படர்ந்திருக்கும். "பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்று பலர் குப்பையில் போட்டுவிடுவார்கள். அது பூஞ்சணம் அன்று. அது என்ன, அதை என்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த டப்பாவில் இருக்கும் ஓர் உருண்டையைக் கையில் எடுத்துக்கொள்வோம். 'ட்ரஃபிள்' என்பது அதன் பெயர்.

பிரான்சு நாட்டில் ஓக் மரங்களின் வேரடியில், மண்ணுக்குள், விலையுயர்ந்த ஒருவகைக் காளான் விளைகிறது. அதன் பெயர்தான் ட்ரஃபிள். தோண்டியெடுத்தால் கருமையாய், கரடுமுரடாய், மண் ஒட்டிக்கொண்டிருக்கும். சாக்லேட்டையும் பாலேட்டையும் கலந்து கையால் உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டியெடுத்த தின்பண்டம் அதே தோற்றத்தில் இருந்ததால் அதே பெயரைப் பெற்றது. 1895-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம் சாம்பெரி நகரில் லூயி டுஃபூர் என்ற மிட்டாய்க்காரர் கைச்சரக்கு தீர்ந்துபோனதால் இதைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையை எவ்வளவு நம்பலாமோ, காலம் மட்டும் பொருத்தமானதே. அதற்கு நூறாண்டு முன்பு இப்பண்டத்தைச் செய்திருக்கவே முடியாது.

ஏன்? நெடுங்காலம் சாக்லேட் என்பது குடிக்கும் பொருளாகவே இருந்தது. மெக்சிகோ மக்கள் கொக்கோ விதையை வறுத்து அரைத்து நுரைக்க நுரைக்க ஆற்றிக் குடித்தார்கள். ஐரோப்பியர் அதில் சர்க்கரை சேர்த்தார்கள். கொக்கோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. 1828-இல் ஹாலந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் அக்கொழுப்பை அழுத்திப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றனர். ஒருபக்கம் தூள், ஒருபக்கம் கொக்கோ வெண்ணெய் எனப் பிரிந்தது. 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனத்தார் அவ்வெண்ணெயைத் தூளோடும் சர்க்கரையோடும் மறுபடி சேர்த்து, கடித்துத் தின்னும் சாக்லேட்டை வார்த்தனர். 1879-இல் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் லின்ட் அதை மணிக்கணக்கில் உருட்டி அரைத்து, நாவில் நெருடாத மென்மைக்குக் கொண்டுவந்தார். தூள், வெண்ணெய், மென்மை ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே ட்ரஃபிள் பிறக்க முடிந்தது.

பண்டிகைக் காலத்து ட்ரஃபிளில் இன்னொரு பொருளும் சேர்ப்பார்கள். ரம், கோன்யாக், அல்லது லிக்கர் எனப்படும் நறுமண இனிப்பு மது. இந்த ரம்மைத் தேடிப் போனால் நாம் மீண்டும் காரைக்கால் கடற்கரைக்கே வந்து சேருவோம்.

1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரிபியன் கடலிலுள்ள மார்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய தோட்டத்திற்குத் திரும்ப மறுத்தனர், அது இயற்கைதானே. முதலாளிகளின் கண் தமிழ்நாட்டுக் கரையின் மேல் விழுந்தது. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியர்களோடு மார்த்தினீக்கை அடைந்தது. அதே கப்பல் 1854-இல், கிறிஸ்துமஸை ஒட்டிய நாளில், குவாதலூப்பில் மற்றொரு கூட்டத்தை இறக்கிற்று.

முதலில் பிரெஞ்சுப் பகுதிகளிலிருந்தே ஆள் சேர்த்தார்கள். அது போதவில்லை. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலும் ஆள் திரட்ட வழி திறந்தன. காரைக்காலைச் சுற்றி, கடல் நீங்கலாக மூன்று புறமும் தஞ்சை மாவட்டம். வேலையற்ற உழவுத் தொழிலாளர் ஏராளம். எல்லை கடந்து சில கல் தொலைவு நடந்தால் பிரெஞ்சுத் துறைமுகம். ஆகவே புதுச்சேரியோடு காரைக்காலும் இக்கப்பல்களின் முக்கியத் துறையாயிற்று. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். ஒப்பந்தம் ஐந்தாண்டு, முடிந்தபின் இலவசமாய் ஊர் திரும்பும் உரிமை உண்டு என்று தாளில் எழுதியிருந்தது. 1880-களின் இறுதி வரை மார்த்தினீக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேரும் சென்றனர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. கடுமையான உழைப்பிலும் நோயிலும் மாண்டவர் பலர்; அங்கேயே தங்கிவிட்டவர் சிலர். தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மாரியம்மனை வழிபடுகின்றனர்.

அறிவியல் ஏட்டில் இச்செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வெட்டிய கரும்பு எங்கே போயிற்று என்று பார்ப்போம். ஐரோப்பாவில் அப்போது பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியிருந்தனர். கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. அதே காலத்தில் பைலாக்செரா என்னும், அசுவினி இனத்திற்கு நெருங்கிய ஒரு சிறு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்துக்கொண்டிருந்தது. ஒயினுக்குத் தட்டுப்பாடு; அதைக் காய்ச்சி வடிக்கும் பிராந்திக்கும் தட்டுப்பாடு. அந்த வெற்றிடத்தில் கரிபியன் ரம் நுழைந்தது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து வடித்தால் ரம் கிடைக்கும். மார்த்தினீக்கின் செயின்ட் பியேர் நகரம் ரம் ஏற்றுமதியில் உலகப் புகழ் பெற்றது. 1902 மே 8-ஆம் நாள் பெலே எரிமலை வெடித்து, சுமார் 28 ஆயிரம் மக்களோடு அந்நகரையே அழிக்கும் வரை அப்புகழ் நிலைத்தது.

ஆகவே அக்காலத்துப் பிரெஞ்சு மிட்டாயின் சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதில் விட்ட ரம்மில் காவிரிக் கழிமுகத்து மக்களின் வியர்வை கலந்திருந்தது என்று சொன்னால் அது மிகை அன்று. ட்ரஃபிளை அந்நியப் பண்டம் என்று நாம் எண்ணுகிறோம். அதன் ஒரு பாதி நம் கரையிலிருந்து சென்றவர்கள் விளைவித்தது.

போகிற போக்கில் இன்னொன்று. சாக்லேட்டுக்குப் பெரிதும் விரும்பப்படும் லிக்கர் கசப்பு ஆரஞ்சுத் தோலின் மணம் ஏற்றியது. கசப்பு ஆரஞ்சு நம் நாரத்தைக்கு நெருங்கிய உறவு. 'ஆரஞ்சு' என்ற சொல்லே 'நாரங்கம்' என்னும் வடசொல்லின் வழி, பாரசீகமும் அரபும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. கொல்லைப்புறத்து நாரத்தையை நாம் உப்பில் போட்டோம். அவர்கள் மதுவில் போட்டார்கள்.

கொக்கோவும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதை நட்டுப் பார்த்தனர். விரிவான சாகுபடி 1960-களுக்குப் பிறகே, அதுவும் கேரளத்தில்தான் முதலில் ஏற்பட்டது. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது வளர்வதைப் பார்க்கலாம்.

கரும்பும் மதுவும் பிரெஞ்சு ஆட்சியும் ஒருங்கே இருந்த கடற்கரை ஊரில் ட்ரஃபிள் உருட்டுவதற்கு ஒரே ஒரு தடை உண்டு. அது ஓர் எண்: 34. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. நம் உடலின் வெப்பநிலை 37. அதனால்தான் சாக்லேட் கையில் உறுதியாகவும் வாயில் போட்டவுடன் கரைவதாகவும் இருக்கிறது. ஆனால் காரைக்காலில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே வெயில் 34-ஐத் தாண்டிவிடும். மார்கழியில் பகலில் 28 அளவும் இரவில் 23 அளவும் இருக்கும். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன், அந்த ஊரில் சாக்லேட்டுக்கு இயற்கை இடம் கொடுத்தது மார்கழி, தை ஆகிய இரண்டு மாதந்தான்.

இனி அந்த வெண்மைக்கு வருவோம். கொக்கோ வெண்ணெய் ஒரேவிதமாக உறைவதில்லை. அதற்கு ஆறு படிக வடிவங்கள் உண்டு என்பதை 1966-இல் வகைப்படுத்தினர். ஒவ்வொன்றும் வேறு வெப்பநிலையில் உருகும். ஐந்தாவது வடிவமே பளபளப்பும், ஒடித்தால் 'டக்' என்னும் ஓசையும் தருவது. தொழிற்சாலையில் சூட்டை ஏற்றி இறக்கி அவ்வடிவத்தை வரவழைக்கிறார்கள். பெட்டிக்குள் வெயிலில் இளகி மறுபடி தானே உறைந்த சாக்லேட்டில் படிகங்கள் தாறுமாறாக அமைகின்றன. கொழுப்பு மேற்பரப்புக்குக் கசிந்து வெண்ணிறமாய்ப் பூக்கிறது. உடலுக்கு அதனால் தீங்கில்லை.

ட்ரஃபிளை வீட்டில் செய்வது எளிது. 200 கிராம் கறுப்பு சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த மலிவுக் கட்டிகளும் விற்கின்றன, அவை நாவில் மெழுகுபோல் ஒட்டும். 100 மில்லிலிட்டர் பாலேட்டை ஓரத்தில் சிறு குமிழி தோன்றும் வரை மட்டும் சூடேற்றிச் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கிண்டுங்கள்.

இங்கே ஒரு விந்தை. உருகிய சாக்லேட்டில் ஒரு துளி நீர் பட்டால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி முழுவதும் கட்டிதட்டிப் போகும். ஆனால் கூடுதலாக நீர்ப்பொருள் சேர்த்தால் சர்க்கரை கரைந்து, கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும் பால்மம் உண்டாகிறது. பாலேடு இவ்வேலையைச் செய்கிறது. கொஞ்சம் நீர் பகை, நிறைய நீர் நட்பு.

கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் 20 கிராம் வெண்ணெயும், இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லிலிட்டர் ரம்மும் சேர்க்க வேண்டும். முன்னதாக ஊற்றக்கூடாது, ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது, மணமும் அதனோடு பறந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்து, விடியற்காலையில், பனிநீரில் நனைத்துத் துடைத்த உள்ளங்கையால் பொருள்விளங்காய் உருண்டை அளவில் பாதியாகப் பிடித்து, கொக்கோத் தூளில் புரட்டுங்கள். முப்பது உருண்டை தேறும். சூடான கை உள்ளவர்கள் இரண்டு கரண்டிகளால் உருட்டுவது நல்லது.

மது சேர்த்ததால் கெடாது என்று சிலர் வெளியே வைத்துவிடுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். கடை ரம்மில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. 30 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 13. ஒட்டுமொத்தக் கலவையில் அது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. நுண்ணுயிர்களைத் தடுக்க இது போதவே போதாது. பாலேடு உள்ள பண்டம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தின்றுவிட வேண்டும். ஆனால் இந்த ஆல்கஹால் ஆவியாவதும் இல்லை. ஆகையால் குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் கொடுக்கலாகாது. அவர்களுக்கு ரம்மை விட்டுவிட்டு, பாலேடு சூடாகும்போதே ஆரஞ்சுத் தோலின் மேற்சீவலை அதில் போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். என் நாவுக்கு இதுவே மேலானதாகப் படுகிறது.

வெண்மை பூத்த அந்த டப்பா சாக்லேட்டை எறிந்துவிடாதீர்கள். உள்ளே பூரணம் இல்லாத கட்டிகளை மட்டும் பொறுக்கி நறுக்கி, மேற்சொன்ன 200 கிராமுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். சூடான பாலேட்டில் எல்லாப் படிகங்களும் உருகிவிடும்.