இரத்த அழுத்த மருந்துகளும் தாதுச்சத்து மாத்திரைகளும்

உயர் இரத்த அழுத்தத்துக்காகத் தொடர்ந்து உட்கொள்ளப்படும் மருந்தும், பொட்டாசியம், கால்சியம், இரும்பு, மக்னீசியம் முதலிய தாதுக்களைத் தரும் மாத்திரை, சிரப், மாற்று உப்பு ஆகியவையும் உடலில் சேரும்போது, ஒன்றின் செயலை மற்றொன்று கூட்டுவதோ குறைப்பதோ மருந்து–தாது இடைவினை எனப்படும். குடலில் தாது மருந்தோடு பிணைந்து அது உறிஞ்சப்படுவதைத் தடுப்பது ஒரு வகை. மருந்து சிறுநீரகத்தின் போக்கை மாற்றுவதால் இரத்தத்தில் தாதுவின் அளவு ஏறுவதோ இறங்குவதோ மற்றொரு வகை. முதல் வகையை நேரம் பிரித்து உண்பதால் பெருமளவு தவிர்க்கலாம். இரண்டாம் வகைக்கு நேர இடைவெளியால் பயனில்லை.

வட்டாரப் பின்னணி

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய தா.பழூர் ஒன்றியம் போன்ற வேளாண் பகுதிகளில், ‘பிரஷர் மாத்திரை’ பெரும்பாலும் அரசு வழியாகவே வந்து சேர்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே சென்று இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வழங்குகின்றனர். சத்து மாத்திரைகளோ கர்ப்பிணிகளுக்குக் கிராம சுகாதார செவிலியரிடமிருந்தும், முதியோருக்கு மருந்துக் கடையிலிருந்தும் தனியே கிடைக்கின்றன. இவ்வாறு வெவ்வேறு கைகளிலிருந்து வருவதால், ஒருவர் உட்கொள்ளும் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு குறைகிறது.

பொட்டாசியம்

பொட்டாசியத்தின் தனித்தன்மை, மருந்தின் வகைக்கேற்ப அதன் அளவு எதிரெதிர்த் திசைகளில் நகர்வதாகும். எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பிகளும், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பிகளும், அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைக் குறைக்கின்றன. சோடியத்தைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவது அதன் வேலையாதலால், அது குறையும்போது பொட்டாசியம் இரத்தத்தில் தேங்குகிறது. ஸ்பைரனோலாக்டோன் அந்த இயக்குநீரின் செயலையே மறிப்பதால், முன்சொன்ன மருந்துகளோடு சேரும்போது தேக்கம் மேலும் கூடுகிறது.

மாறாக, ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசமைடு ஆகிய சிறுநீர்ப் பெருக்கிகள் பொட்டாசியத்தை இழக்கச் செய்வதால், சிலருக்குத் தசைச் சோர்வும் கெண்டைக்கால் பிடிப்பும் தோன்றுகின்றன. அவர்களுக்கு மருத்துவரே பொட்டாசியம் குளோரைடு சிரப் எழுதித் தருவதுண்டு. அதே சிரப்பை, அதே வீட்டில் எனலாப்ரில் உட்கொள்ளும் மற்றொருவர் கால் பிடிப்புக்கென்று எடுத்துக் குடித்தால், ஏற்கெனவே தேங்கியிருக்கும் பொட்டாசியம் மேலும் ஏறும்.

பொட்டாசியம் சத்து மாத்திரை என்ற பெயரோடு மட்டும் வருவதில்லை. சிறுநீரகக் கல்லுக்குத் தரப்படும் பொட்டாசியம் சிட்ரேட் சிரப், ஓ.ஆர்.எஸ். கரைசல், நாள்தோறும் பருகும் இளநீர் ஆகியவற்றிலும் அது உள்ளது. சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த மாற்று உப்பு இன்னொரு வழி. சீனாவின் 600 சிற்றூர்களில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தைக் கணிசமாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இத்தகைய உப்பை வீட்டுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் குறைபாடு உடையோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அப்பரிந்துரையிலிருந்து விலக்கியது. ‘பிரஷருக்கு நல்லது’ என்று வாங்கப்படும் இந்துப்பு இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடே.

கால்சியம்

தையசைடு வகைச் சிறுநீர்ப் பெருக்கிகள் பொட்டாசியத்தை வெளியேற்றினாலும் கால்சியத்தைத் தக்கவைக்கின்றன. ஆகவே மூட்டுவலிக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எடுக்கும் முதியவர், அவற்றோடு ஹைட்ரோகுளோரோதையசைடும் உட்கொண்டால், இரத்தத்தில் கால்சியம் மிகுந்து மலச்சிக்கல், மிகுதாகம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றக்கூடும். அட்டெனலாலுடன் சேரும்போது நிகழ்வது வேறு: கால்சியம் அம்மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பதால், இரண்டையும் சில மணி நேர இடைவெளியில் உண்பது வழக்கம். பரவலாகத் தரப்படும் அம்லோடிபின், வாய்வழி உண்ணும் தாதுச்சத்து மாத்திரைகளால் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுவதில்லை.

இரும்பு

கர்ப்பகால இரத்த அழுத்தத்துக்குப் பயன்படும் மீதைல்டோபா, இரும்போடு குடலில் பிணைந்து உறிஞ்சப்படாமல் போகக்கூடியது. இவ்விரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியதை 1980களின் இறுதியில் வெளியான ஆய்வு காட்டியது. தமிழகத்தில் இது பொருட்படுத்தத்தக்கது. கர்ப்பிணிக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை வழங்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் இரும்புச்சத்து டானிக் இடம்பெற்றுள்ளது. இரும்பின் உறிஞ்சலைக் கால்சியம் குறைப்பதால் அவ்விரண்டுக்கும் இடையே 2 மணி நேரம் விட வேண்டும் என்பதும் வழிகாட்டுதலாக உள்ளது. ஆகவே மூன்றையும் உட்கொள்ளும் பெண்ணுக்குக் கால்சியத்தை உணவோடும், இரும்பை அதிலிருந்தும் மீதைல்டோபாவிலிருந்தும் விலகிய வேளையிலும் அமைத்துத் தர வேண்டியுள்ளது. இடைவெளி இழப்பைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது என்பதால், இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது தொடர வேண்டும். இரும்பு தேவையானது, அதை நிறுத்துவது தீர்வாகாது.

மக்னீசியமும் துத்தநாகமும்

சிறுநீர்ப் பெருக்கிகள் மக்னீசியத்தையும் வெளியேற்றுகின்றன. அது குறைந்திருக்கும் வரை, குறைந்த பொட்டாசியத்தை மாத்திரையால் ஈடுசெய்வது கடினம். மக்னீசியம் கலந்த அமிலமுறிப்பான்கள் சில மருந்துகளின் உறிஞ்சலைக் குறைக்கும். துத்தநாகம் தையசைடுகளால் சிறுநீரில் கூடுதலாக வெளியேறினும், பெரும்பாலோருக்கு அதனால் தனிச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

கண்காணிப்பு

இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 மில்லிமோல். அது 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு ஒழுங்கிழக்கும் அபாயம் மிகுதி. ஆயினும் அதுவரை எந்த அறிகுறியும் வெளிப்படாமலே இருக்கலாம். முதியோர், நீரிழிவு உடையோர், சிறுநீரகம் பழுதுற்றோர் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். கோடையில் வயல்வேலை செய்து நீரிழப்புக்கு உள்ளாவோருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் தற்காலிகமாகக் குறையக்கூடும். எனவே ஏ.சி.இ. தடுப்பியோ ஏற்பித் தடுப்பியோ தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பரிசோதிக்கப்படுகின்றன. அப்போது அரசு மாத்திரை அட்டைகளோடு கடையில் வாங்கிய சத்து மாத்திரை, சிரப், மாற்று உப்புப் பொட்டலம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டினால்தான், நேரத்தை மாற்றினால் போதுமா, தாதுவையே விலக்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்ய இயலும். ஐயம் தோன்றியவுடன் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்துக்கே வழிகோலலாம்.