துண்டு யார் கையில்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரம், எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட டீமின் கூட்டம் ஒன்று வாசிகசாலையில் நடந்தது. எங்களில் மூன்று பேர் அந்த டீமில் ஆடுகிறவர்கள். மற்றவர்கள் கம்பஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்தால் மைதானத்து ஓரத்தில் நின்று கத்துகிறவர்கள்.

விஷயம் இதுதான். டீமில் ஒரு தம்பி இருக்கிறான், வயது பத்தொன்பது. கந்தப்பளைப் பக்கத்தில் அவனைப் போல இடது காலால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆளை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஆறு மாசமாக அவனுக்கு மனசு சரியில்லை. பின்னால் நின்று தடுக்க ஆள் இல்லாததால் அவனைப் பின்னால் நிறுத்திவிட்டோம். பயிற்சிக்குப் பிந்தி வருகிறான், வந்தாலும் யாரோடும் பேசுவதில்லை. நுவரெலியா டவுனில் பயிற்சியாளர் வைத்திருக்கிற ஒரு கிளப்பில் சேர வேண்டும் என்பது அவனது ஆசை. இதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்து டீம் ஒரு பேச்சு கொண்டுவந்தது: அவனைக் கொடுத்தால் அவர்களுடைய கோல் காப்பாளரையும் இரண்டு புதுப் பந்தையும் தருவார்களாம்.

"குடுத்துருவமா, வச்சிக்குவமா?" இரண்டு மணித்தியாலம் இதே பேச்சு. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்கள் போக மிஞ்சியது பதின்மூன்று பேர். இவனும் போனால் டீமே இருக்காது என்றார்கள் சிலர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறவனை வைத்து என்ன செய்ய என்றார்கள் சிலர். முடிவு வரவில்லை.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, எங்களில் ஒருத்தரின் தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப அவன் துண்டு ஒங்க கையிலயா இருக்கு?"

துண்டு என்றால் என்ன என்று எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. தாத்தாவும் அதைக் கண்டவர் இல்லை, அவருடைய அப்பா சொல்லக் கேட்டவர்தான். தென்னிந்தியாவிலிருந்து எங்கள் முன்னோர்கள் பெரிய கங்காணியின் கீழ்க் கூட்டமாக இங்கே வந்தார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாம் கடனாகத் தலையில் ஏறியது. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்: இந்தக் கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று. அதுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தட்டுப்பாடு உள்ள ஒரு துரை அந்தத் தொகையைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை கூட்டத்தின் புதுக் கடன் ஆகிவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு டிரான்ஸ்ஃபர் தொகை என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? பணம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குப் போகிறது, ஆள் இடம் மாறுகிறார். துண்டு இல்லாமல் போனவரை வேறு தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். சொல்லாமல் போனால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி சிறைத்தண்டனையும் கிடைக்கும். துண்டு முறையும் அந்தச் சிறைத்தண்டனையும் ஒழிந்தது 1921இல்தான்.

தாத்தாவின் கேள்விக்குப் பிறகு உதைபந்தாட்ட வரலாற்றைத் தேடிப் படித்தோம். அங்கேயும் ஒரு துண்டு இருந்தது.

இங்கிலாந்துக் கிளப்புகள் 1893 அளவிலேயே தங்களுக்குள் ஒரு முறை செய்துகொண்டன. ஒப்பந்தம் முடிகிற காலத்தில் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் போடும். வைத்துக்கொள்ளும் பட்டியலில் பேர் வந்தவர், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் லீக்கில் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளமும் இல்லை. இதற்கு மேல், 1961 வரை வாரத்துக்கு இவ்வளவுதான் என்று சம்பளத்துக்கும் ஒரு உச்ச வரம்பு இருந்தது. கடைசியில் அது 20 பவுண்.

நியூகாசில் யுனைடெட்டில் ஆடிய ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம்தான் எங்கள் தம்பிக்கு மிகக் கிட்டிய ஆள். திறமைக்காரர், ஆனால் சந்தோஷமாக இல்லாதவர். கிளப் கொடுத்த வீடு சரியில்லை, ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த வேலை பிடிக்கவில்லை என்று அவருக்குக் குறைகள் இருந்தன. 1960இல் ஒப்பந்தம் முடிந்ததும் என்னை விடுங்கள் என்று கேட்டார். கிளப் மறுத்தது. அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தென் இங்கிலாந்தில் ஒரு நண்பரிடம் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர் மாசக்கணக்கில் தக்கை விற்றார்! அந்த வருடம் ஒக்டோபரில் நியூகாசில் இறங்கிவந்து 47,500 பவுணுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

கேட்டது கிடைத்துவிட்டது, அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் பின்னால் நிற்க, வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்து வைப்பது ஒருவரின் தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமில்லாத தடை என்று தீர்ப்புச் சொன்னார். இது முதலாளிகள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து அமைத்துக்கொண்ட முறை என்பதையும் அவர் கவனித்தார். அந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குத் துரைமார்தான் ஞாபகம் வந்தார்கள்.

ஈஸ்ட்ஹாம் போக நினைத்தார், விடவில்லை. அமெரிக்காவில் கேர்ட் ஃப்ளட் என்ற பேஸ்போல் ஆட்டக்காரருக்கு நடந்தது நேர்மாறானது. பன்னிரண்டு பருவம் ஆடிய செயின்ட் லூயிஸ் அணி 1969இல் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. போக மாட்டேன் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் 5க்கு 3 என்று தோற்றார். பிடித்து வைப்பதும் தள்ளிவிடுவதும் ஒரே சீட்டின் இரண்டு பக்கம் என்பது அவர் கதையில்தான் எங்களுக்குத் தெளிவானது. தோட்டத்திலும் அப்படித்தானே? வேண்டியவருக்குத் துண்டு கிடைக்காது, வேண்டாதவருக்குப் பத்துச்சீட்டு உடனே கிடைக்கும்.

ஈஸ்ட்ஹாம் திறந்த கதவை முழுசாகத் திறந்தவர் பெல்ஜியத்தின் ஜோன் மார்க் பொஸ்மான். 1990இல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் லியேஜ் கிளப் பணம் கேட்டு அவரை பிரான்சின் டன்கேர்க் கிளப்புக்குப் போகவிடவில்லை. 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் இன்றைக்குப் பணமில்லாமல் கிளப் மாறுகிறார் என்றால் அது பொஸ்மானால்.

உதைபந்தாட்டக்காரரையும் கொழுந்துக் கூடை சுமந்தவரையும் ஒன்றாக வைப்பது கொஞ்சம் அதிகம்தான். ஈஸ்ட்ஹாமுக்குத் தக்கை விற்கவாவது வழி இருந்தது, எங்கள் ஆட்களுக்கு லயத்தை விட்டால் போக்கிடமே இல்லை. ஆனால் கேட்காமல் கைமாற்றுவது என்றால் என்ன என்று எங்கள் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 975,000 பேரின் கணக்குப் பேசப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மேசையில் இருந்தவர்கள் இரண்டு அரசுகள். அந்த 975,000 பேரில் யாரையும் ஒப்பந்தத்துக்கு முன்னால் கேட்கவில்லை.

சரி, டீமுக்கு ஒரு நியாயமும் இல்லையா? இருக்கிறது. இவனுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அண்ணன்மார். முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது டீம் காசில். நினைத்த நேரத்தில் யாரும் போகலாம் என்றால் எந்த டீமும் நிற்காது. 2024இல் இந்தியாவில் அன்வர் அலி, மோகன் பகானோடு இருந்த நான்கு வருட ஏற்பாட்டை இடையில் முறித்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது எழுந்த சண்டை இதைப் பற்றியதுதான். சம்மேளனம் விதித்த நான்கு மாதத் தடையும் 12.9 கோடி ரூபாய் நட்டஈடும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி நிற்கிறது.

அதற்கு ஒரு நல்ல பதில் ஃபீபாவின் விதியிலேயே உண்டு. ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை அவரை 12 முதல் 23 வயதுக்குள் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். வளர்த்ததற்குக் கூலி உண்டு, ஆனால் வளர்த்தவர் உரிமையாளர் ஆகிவிட முடியாது. எங்கள் வாதமும் இவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது கூட்டத்துக்கு அவனையும் கூப்பிட்டோம். முதல் கூட்டத்தில் அவன் இல்லை என்பதை அதுவரை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து டீமுக்குப் போக அவனுக்கு விருப்பமே இல்லை. "அங்கயும் என்னைய பின்னாலதான் நிப்பாட்டுவாங்கண்ணே" என்றான். சித்திரைப் போட்டி வரை எங்களோடு ஆடுகிறேன், முன்னால் விடுங்கள், அதுக்குப் பிறகு டவுனுக்குப் போகிறேன் என்று அவனே சொன்னான். டவுன் கிளப்பில் படிப்பதை மாசம் ஒரு தடவை வந்து சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். சரி என்றான்.

கோல் காப்பாளரும் இல்லை, இரண்டு பந்தும் இல்லை. சித்திரைக்குப் பிறகு பன்னிரண்டு பேர்தான். அதில் கோபப்பட்ட அண்ணன்மார் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. விலகல் கடிதத்தைச் செயலாளர் அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார், தேதி மட்டும் எழுதவில்லை. அதை வாசிகசாலை அலுமாரியில் பூட்டி வைப்போம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று அவன் கையிலேயே கொடுத்துவிட்டோம்.